உழைச்செல்வானும் தோட்டத்து டிரெசரும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பாடம் நடத்தாத தமிழாசிரியர் இரார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை உரியவாறு கொடுத்து நோயாளியின் அருகிலேயே நிற்கும் உழைச்செல்வான் என்று வள்ளுவர் மருத்துவத்தை நான்காக வகுத்ததைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். அதிகாரத்தின் கடைசிக் குறள் அதுவாகையால், அத்துடன் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவதும் உண்டு. ஆனால் பரிமேலழகர் நம்மை அவ்வளவு விரைவில் போகவிடுவதில்லை. நான்கு கூறுகளுள் ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகளை அவர் எண்ணிக் காட்டுகிறார். நோயாளிக்கு வேண்டியவற்றுள் அவர் முதலாவதாக வைப்பது பொருளுடைமை. தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்லும் வன்மையையும் அவனுக்கே உரியதாக்குகிறார். உழைச்செல்வானுக்கு வேண்டியவற்றுள் முதலாவது, நோயாளியிடத்து அன்புடைமை.

நோயாளியிடம் பொருள் இல்லையென்றால் என்ன செய்வது? உரையாசிரியர் இக்கேள்விக்குள் நுழையவில்லை. அவர் காலத்தில் அதற்குத் தேவையும் இருந்திராது. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் ஆகிய வடசிலாங்கூர் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களிலோ இந்தக் கேள்வி நாள்தோறும் விடியற்காலையில் எழுந்தது. அங்கே நோயாளி தமிழன். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கூலி. அவனிடம் பொருள் இல்லை. மருந்துக்கும் மருத்துவனுக்கும் உழைச்செல்வானுக்கும் பணம் கொடுத்தவன் தோட்ட முதலாளி. ஆகவே வள்ளுவர் வகுத்த நான்கோடு ஐந்தாவது ஒருவன் சேர்ந்துகொண்டான். உழைச்செல்வான் யாருக்குக் கடமைப்பட்டவன், நோயாளிக்கா, ஐந்தாமவனுக்கா? தோட்ட மருத்துவத்தின் நூறாண்டுச் சட்ட வரலாற்றை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே படித்துவிடலாம் என்பது என் கருத்து.

இந்த ஐந்தாமவனைத் தொழிலாளி முதலிற் சந்தித்தது மலாயா மண்ணில் அன்று. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் மலாயாவுக்குச் செல்வோருக்கென முகாம்கள் இருந்தன. கப்பலேறுமுன் அங்கே வைத்தியர் ஒருவர் ஒவ்வொருவரையும் சோதிப்பார். அவர் சோதித்தது அந்த மனிதனின் நோயைத் தீர்ப்பதற்காக அன்று. இவன் காடு வெட்டத் தகுந்தவனா, பால்மரம் சீவத் தகுந்தவனா என்று வேறொருவருக்குச் சொல்வதற்காகவே சோதித்தார். நாடி பிடிக்கும் கை ஒருவருக்கும், அதன் முடிவு மற்றொருவருக்குமாகப் பிரிந்த இடம் அதுதான். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்டங்கள் செலுத்திய வரியிலிருந்து கூலிகளின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு முடிவு கட்டப்பட்டது. கங்காணி முறை அதன் இடத்தைப் பிடித்தது. முறைகள் மாறினும் சோதனையின் நோக்கம் மாறவில்லை.

இனி, அவர்கள் வந்து சேர்ந்த நிலத்தைப் பார்ப்போம். கோலசிலாங்கூர், கடலோரச் சமவெளி. அலையாத்திக் காடும் சதுப்பும் கரிமண்ணும் நிறைந்தது. ஜெராம், புக்கிட் ரோத்தான் வழியாக உள்நாட்டை நோக்கிச் சென்றால் பத்தாங் பெர்ஜுந்தை வரும். இன்று அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா. அதற்கு அண்மையில்தான், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அங்கேதான் அமைத்தார். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. இன்னும் கிழக்கே போனால் நிலம் மேடேறி, ராசா, கெர்லிங், களும்பாங் முதலிய மலையடிவாரத் தோட்டங்கள் வரும். சமவெளிக்கும் மலைச்சாரலுக்கும் உள்ள இந்த வேறுபாடு ஒரு காலத்தில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாக இருந்தது.

அதைக் கண்டு சொன்னவர் டாக்டர் மால்கம் வாட்சன். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901இல், கிள்ளானில் மாவட்ட வைத்தியராகப் பொறுப்பேற்ற வாட்சன் அந்த அறிவைக் களத்தில் இறக்கினார். கிள்ளான் நகரிலும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்துக் காட்டைத் திருத்தியதும் காய்ச்சல் தணிந்தது. பின்னர் அவர் அரசாங்கப் பணியை விட்டுத் தோட்டங்களின் வைத்தியரானார். கடலோரத்துச் சமவெளியில் காய்ச்சலைப் பரப்பும் கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. காட்டை வெட்டித் திறந்த வாய்க்கால் தோண்டினால் அது ஒழியும். மலைச்சாரலில் காய்ச்சலைப் பரப்பும் கொசுவோ, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் வளர்வது. அங்கே காட்டை வெட்டுவது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். கோலசிலாங்கூருக்கு மருந்தாக இருந்த அதே வேலை கெர்லிங்குக்கு நஞ்சாயிற்று. ஆகவே மலைப்பக்கத்தில் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய்வழி ஓட்டவும், பின்னர் நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது.

வாட்சனை அருளாளர் என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டக்காரர்களின் ஊதியம் பெற்றவர் அவர். கூலி சாகாமலிருப்பது முதலாளிக்கு இலாபம் என்ற வாதத்தையே அவர் மிகுதியும் பயன்படுத்தினார். ஆயினும் ஒரு செயலுக்காக அவரை நினைக்க வேண்டும். 1911இல் வெளிவந்த மலேரியாத் தடுப்பு பற்றிய தம் நூலில், தோட்டங்களில் எத்தனை பேர் மாண்டனர் என்ற கணக்குகளை அச்சில் ஏற்றினார். ஊதியம் கொடுப்பவனின் குறையை ஊரறிய எழுதுவது மருத்துவனின் கடமைகளுள் ஒன்றா என்று இன்று ஒழுக்கநூலார் வாதிடுகின்றனர். அவர் அக்கேள்வியை எழுப்பாமலே அதைச் செய்துவிட்டார்.

அதே 1911இல்தான் கூட்டு மலாய் மாநிலங்களில் தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோட்டங்களைப் பார்வையிடவும், குறைகளைத் தீர்க்குமாறு கட்டளையிடவும் அது சுகாதார அதிகாரிகளுக்கு இடமளித்தது. அடுத்து 1912இலும் 1923இலும் தொழிற் சட்டத் தொகுப்புகள் வந்தன. தோட்டத்தில் ஆஸ்பத்திரி கட்டுவதும், மருந்து வைப்பதும், பராமரிக்க ஆள் அமர்த்துவதும் முதலாளியின் செலவு என்று அவை விதித்தன. இச்சட்டங்கள் ஏட்டளவில் நல்லவையே. ஆனால் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். இவற்றில் கடமை முழுவதும் முதலாளியின் தலையில் இருக்கிறது. அக்கடமை அரசாங்கத்தை நோக்கியது. மருந்து கொடுப்பவன் நோயாளிக்கு என்ன கடமைப்பட்டவன் என்பது பற்றிச் சட்டத் தொகுப்பு பேசுவதில்லை. நோயாளி அங்கே பராமரிக்கப்பட வேண்டிய தலைகளின் கணக்காகத்தான் வருகிறான். கேள்வி கேட்கும் உரிமையுள்ள ஒருவனாக வருவதில்லை.

இப்போது டிரெசரிடம் வருவோம். இன்றைய இளைஞருக்கு இச்சொல் புதிதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் காயத்துக்குக் கட்டுப் போடுபவன் என்று பொருள்படும் சொல், நம் தோட்டங்களில் வைத்தியர் என்ற பொருளையே பெற்றுவிட்டது. பதவியின் பெயர் பிற்காலத்தில் மருத்துவ உதவியாளர் என்று மாறியும் மக்கள் வாயில் டிரெசர் ஐயா மாறவில்லை. பட்டம் பெற்ற வைத்தியர் தோட்டத்தில் குடியிருப்பதில்லை. பல தோட்டங்களுக்குப் பொதுவான ஒருவர், குறித்த நாளில் காரில் வந்து, வார்டைச் சுற்றிப் பார்த்து, ஏட்டில் கையெழுத்திட்டுப் போவார். அவர் இல்லாத நாள்களில் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, பால்கத்தி வெட்டு, குளிர் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு எல்லாம் டிரெசரின் பாடு. வைத்தியர் வரும் நாளிலும் டிரெசர் இல்லாமல் முடியாது. வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. நோயின் நிலையை உணர்த்தும் வன்மை நோயாளிக்கு வேண்டும் என்றார் பரிமேலழகர். இங்கே அந்த வன்மையும் டிரெசரின் நாவில்தான் இருந்தது. அவர் எதை மொழிபெயர்த்தாரோ அதுவே நோய்.

என் பாட்டியார் புக்கிட் ரோத்தானுக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில் முப்பதாண்டுக்கு மேல் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நடந்ததை அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். கிராணி விளக்கொளியில் செக்ரோலைப் பிடித்துக்கொண்டு பெயர் படிப்பார். உடம்புக்கு முடியாதவர்கள் ஓரமாகத் தனியே நிற்பார்கள். டிரெசர் வந்து நாக்கை நீட்டச் சொல்வார், நெற்றியில் கை வைப்பார், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். ஒருவருக்கு அரை நிமிடம். வேலைக்குப் போ என்றால் போக வேண்டியதுதான். ஆஸ்பத்திரிக்குப் போ என்றாலும் மகிழ்ச்சியில்லை, ஏனெனில் அன்றைய கூலி போயிற்று. ஆகவே காய்ச்சலை மறைத்துக்கொண்டு நிரையில் நின்றவர்களும் உண்டு. காய்ச்சல் இல்லாமலே ஓரத்தில் நின்றவர்களும் உண்டு. இருவகையாரையும் அந்த அரை நிமிடத்தில் பிரித்தறிய வேண்டியவர் டிரெசர். ஓரத்தில் நிற்போர் தொகை கூடினால் மேனேஜர் துரையின் பார்வை நோயாளிமேல் விழாது, டிரெசர்மேல்தான் விழும். அவர் குடியிருந்த வீடு தோட்டத்தின் வீடு. வேலை போனால் வீடும் போகும்.

இந்த நெருக்கடியிலிருந்து இருவேறு டிரெசர்கள் பிறந்தார்கள். துரையின் முகத்தைப் பார்த்து நாடி பிடித்தவர் ஒருவர். நள்ளிரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடி வந்தவர் மற்றொருவர். பல வேளைகளில் இருவரும் ஒரே ஆளாக இருந்ததுதான் வேடிக்கை. பாட்டியாரின் நினைவிலும் அப்படியே. அவர் ஏசியதும் அதே டிரெசரைத்தான், தம் மூத்த பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டதும் அதே டிரெசரைத்தான்.

கொயினாவைப் பற்றி ஒரு சொல். மலேரியா கடுமையாக இருந்த தோட்டங்களில் பெரட்டு நேரத்திலேயே கொயினாவை வரிசையாகக் கொடுத்து, கண்முன்னே குடிக்கச் செய்வது வழக்கமாயிருந்தது. வாயில் வாங்கிக்கொண்டு மறைவில் துப்பியவர்கள் பலர். கசப்பு ஒரு காரணம். காதில் இரைச்சல் ஏற்படுவது மற்றொன்று. இது கொயினா உண்டாக்கும் விளைவு என்பது மருத்துவ நூல்களில் உள்ளதே. ஏன் காது இரைகிறது, எத்தனை நாளைக்கு இரையும், ஏன் காய்ச்சல் இல்லாதவனும் குடிக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் துப்பியவர் தொகை குறைந்திருக்கும். அறியாமையால் துப்பினான் என்று அக்காலத்து அறிக்கைகள் கூலியைக் குறை சொல்லும். சொல்லாமற் கொடுத்தவரைக் குறை சொல்வாரில்லை. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருத்துவக் கடமையின் ஒரு பகுதி என்பதை நீதிமன்றங்கள் ஏற்க மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. அதைப் பின்னர்க் காண்போம்.

1924இல் தோட்டச் சுகாதார ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. தோட்டத்துக்கோர் ஆஸ்பத்திரி என்று சிறிது சிறிதாக நடத்துவதால் எதுவும் ஒழுங்காக இல்லை, போதிய மேற்பார்வையின்றி ஆஸ்பத்திரிகள் டிரெசர்களின் கையில் விடப்பட்டுள்ளன என்ற குறைகள் அப்போது பேசப்பட்டன. அதன் விளைவாக 1926இல் சுகாதார வாரியச் சட்டம் வந்தது. தோட்டங்களிடம் வரி வாங்கி, மருத்துவத்தைப் பொது வாரியத்தின்கீழ்க் கொணர்வது அதன் நோக்கம். டிரெசரின் ஊதியம் துரையின் கையிலிருந்து வராமல் வாரியத்திலிருந்து வந்திருந்தால், நாம் பேசும் ஐந்தாமவன் நோயாளியின் கட்டிலைவிட்டுச் சிறிது விலகி நின்றிருப்பான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டத்தின்வழி, அரசாங்கமே தோட்ட மாவட்டங்களுக்கு மருத்துவம் அளிக்கும் முறையொன்று முன்னரே வேரூன்றியிருந்தது. அங்கும் குறைகள் மலிந்திருந்தன என்றாலும், அடிப்படை வேறு. மலாயாவிலோ தோட்டக்காரர்கள் வாரியத்தை எதிர்த்தனர். தம் ஆஸ்பத்திரியில் பிறர் ஆணை செல்லுபடியாவதை அவர்கள் விரும்பவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலையும் விழுந்தது. திட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. வடசிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றில் நழுவவிட்ட வாய்ப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நான் இதையே சொல்வேன்.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் இருந்தார். 1936இன் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் வந்து தோட்டங்களைப் பார்த்துச் சென்றார். 1938இல் இந்தியா உதவிபெற்ற கூலிக் குடிபெயர்வைத் தடைசெய்தது. ஆனால் தொழிலாளி தானே வாய் திறந்து கேட்டது 1941இல்தான். கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரில் பரவிய அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நம்மவர் இன்றும் நினைவுகூர்வர். துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்ற கோரிக்கையே எல்லார் நினைவிலும் நிற்கிறது. அதே பட்டியலில் முறையான மருத்துவ வசதி வேண்டும் என்பதும் இருந்தது. சைக்கிள் கோரிக்கையையும் மருந்துக் கோரிக்கையையும் ஒரே தாளில் எழுதியவர்கள், இரண்டும் ஒன்றே என்று உணர்ந்திருந்தார்கள். தன்னை மனிதனாக மதியாதவனின் கையிலிருந்து வாங்கும் மருந்து உடம்பில் ஒட்டுமா? சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டின் முடிவில் ஜப்பானியர் வந்தனர். அவர்கள் காலத்தில் கொயினாவே அரிதாயிற்று.

போருக்குப் பின் அரசாங்கம் நாட்டுப்புறங்களில் சுகாதார நிலையங்களையும் மருத்துவச்சி விடுதிகளையும் கட்டத் தொடங்கியது. கம்பத்து மக்களுக்கு அது பெரும்பேறு. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளோரைப் பார்ப்பது முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்லியிருந்தபடியால், வேலிக்கு வெளியே வந்த வசதி வேலிக்குள் வரவில்லை. முதலாளியின்மேல் சுமத்திய கடமையே தொழிலாளிக்கு வேலியாயிற்று. 1950களில் ஆங்கிலேயத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, புதிய சிறு முதலாளிகளிடம் ஆஸ்பத்திரி நடத்தும் எண்ணமோ வலிமையோ இல்லை. துண்டாடலால் தமிழ்ப்பள்ளிக்கு வந்த கேட்டை நாம் நிறைய எழுதியிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு வந்த கேட்டை எழுதியவர் குறைவு.

இந்நிலையில் 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டத்தைப் பற்றி வாசகர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சிறிய சட்டம், பேச்சில் அடிபடாதது. ஆனால் டிரெசரின் வரலாற்றில் அதுவரை இல்லாத ஒன்றை அது கொண்டுவந்தது. தோட்ட மருத்துவ உதவியாளருக்கென ஒரு வாரியமும், ஒரு பதிவேடும், தகுதிக்கேற்பத் தரங்களும் ஏற்பட்டன. இனி டிரெசர் என்பவர் துரை அமர்த்தியதால் டிரெசர் ஆகிறவர் அல்லர். பதிவேட்டில் பெயர் இருப்பதால் டிரெசர். தகாத நடத்தைக்குப் பெயரை நீக்கவும் முடியும். எனவே அவருக்குத் துரையைத் தவிர வேறொரு தலைமை உண்டாயிற்று. இதைத் தண்டனைச் சட்டமாக மட்டும் பார்ப்பது பிழை. நோயாளியை வேலைக்கு அனுப்பு என்று மேலே இருப்பவர் சொல்லும்போது, என் பதிவுக்கு அது ஒவ்வாது என்று சொல்ல ஒரு பிடிமானம் டிரெசருக்குக் கிடைத்தது. ஓய்வுபெற்ற டிரெசர் ஒருவர் தம் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, வீட்டுக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது பெருமிதமாகத் தோன்றியது. பின்னரே அது கவசம் என்று புரிந்தது.

பதிவேடு, பணி செய்வோரை ஒழுங்குபடுத்தும். தவறு நேர்ந்த பின் நோயாளிக்கு வழி காட்டுவது நீதிமன்றம். அங்கும் நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. தாதியரும் வைத்தியரும் தம் தொழிலறிவைக் கொண்டு செய்யும் செயலுக்கு ஆஸ்பத்திரி பொறுப்பாகாது என்றே ஆங்கிலச் சட்டம் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதியது. 1951இல் காசிடி வழக்கில்தான் ஆஸ்பத்திரி நடத்துபவர் தம் ஊழியரின் கவனக்குறைவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது உறுதிப்பட்டது. நம் நீதிமன்றங்கள் இக்கொள்கையையே பின்பற்றுகின்றன.

இந்நாட்டிலேயே எழுந்து இலண்டன் வரை சென்ற வழக்கொன்றைத் தமிழாசிரியர்கள் தெரிந்துகொள்வது நன்று. அது சின் கியோ எதிர் மலேசிய அரசாங்கம் என்ற வழக்கு. 1960இல் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருந்தகத்தில் வேலைசெய்த பணிப்பெண் ஒருத்திக்கு உடல்நலக் குறைவு. அங்கிருந்த வைத்தியரிடமே காட்டினாள். பெனிசிலின் ஊசி போடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் அவள் இறந்தாள். பெனிசிலின் அவளுக்கு ஒவ்வாது என்ற குறிப்பு அவளுடைய நோயாளி அட்டையில் முன்பே எழுதப்பட்டிருந்தது. சிலருக்கு அம்மருந்து ஒவ்வாது என்பது வைத்தியருக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை. நாளொன்றுக்குப் பல பேருக்கு ஊசி போட்டும் இதுவரை ஒன்றும் நேர்ந்ததில்லை என்ற பழக்கத்தில் அவர் சென்றிருந்தார். மகளை இழந்த தாய் வழக்குத் தொடுத்தாள். முதல் நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. 1967இல் இலண்டன் பிரிவி கவுன்சில் முதல் தீர்ப்பையே நிலைநாட்டியது.

வைத்தியர் கொடியவர் அல்லர், கல்லாதவர் அல்லர். செய்யத் தவறியது ஒன்றே ஒன்று: முன்பு இந்த ஊசி போட்டிருக்கிறாயா, ஒத்துக்கொண்டதா என்ற ஒரு கேள்வி. பெரட்டுக் களத்தின் அரை நிமிடத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் மிகுதி, நேரம் குறைவு, இதுவரை ஒன்றும் நேர்ந்ததில்லை என்று தோட்டத்து டிரெசர் சொல்லக்கூடிய அதே விடைகள் நகரத்து மருந்தகத்திலும் சொல்லப்பட்டன. அவை போதா என்று நீதிமன்றம் தீர்த்தது. வைத்தியருக்கும், ஊசியைக் கையிலேந்தும் தாதிக்கும், டிரெசருக்கும் இத்தீர்ப்பில் பாடம் உண்டு. இறந்தவள் வைத்தியசாலையிலேயே வேலைசெய்த எளிய பணிப்பெண். எளியோர் எல்லா இடத்திலும் தாமாக வாய்திறந்து சொல்வதில்லை. கேட்க வேண்டியது மற்றவர் கடமை.

விளக்கிச் சொல்லும் கடமை இன்னும் தாமதமாகவே வந்தது. 1957இல் ஆங்கில நீதிமன்றம் வகுத்த போலம் விதியின்படி, பொறுப்புள்ள வைத்தியர் குழு ஒன்று ஏற்கும் முறையில் ஒருவர் நடந்தால் அவர்மேல் குற்றமில்லை. எதை நோயாளியிடம் சொல்வது, எதை விடுவது என்பதையும் வைத்தியர்களின் வழக்கமே முடிவு செய்தது. 2007 சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற ஃபூ ஃபியோ நா வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் இதனின்று விலகிற்று. அறுவையில் உள்ள அபாயத்தை நோயாளிக்குச் சொல்லும் கடமை, நோயாளியின் தேவையைக் கொண்டே அளக்கப்பட வேண்டும் என்றது. 2017இல் வேறொரு வழக்கில் இந்தக் கோட்டை அதே நீதிமன்றம் தெளிவாக்கிற்று. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் பழைய போலம் விதி; அறிவுரைக்கும் எச்சரிக்கைக்கும் புதிய விதி. கொயினாவைத் துப்பியவனின் பேரன் இன்று அறுவை மேசையில் படுக்குமுன் கேட்கலாம். கேட்காவிட்டாலும் அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

மற்றச் சட்டங்களை விரைந்து சொல்லிவிடலாம். 1966இல் மருத்துவச்சிகளுக்கும், 1971இல் வைத்தியர்களுக்கும், 1977இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மருத்துவ உதவியாளர்களுக்கும் சட்டங்கள் வந்தன. நோய் விடுப்புக்கு ஊதியம் உண்டு என்பதை 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இன்று உறுதிசெய்கிறது. பணிக்காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். பெரட்டுக் களத்தில் காய்ச்சலை மறைத்து நின்றவனுக்கு இந்த ஓர் ஏற்பாடு எவ்வளவு பெரிய மருந்து! கூலி போகாது என்றால் நோயாளி உண்மையைச் சொல்வான். உண்மையைச் சொன்னால் டிரெசரும் பொய்யனைத் தேடும் வேலையை விட்டு நோயைத் தேடலாம். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளின் குறைந்த அளவுச் சட்டம், வீடு, குடிநீர், பிள்ளைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றைத் தோட்டங்களுக்கு விதித்தது. 2019இல் அது திருத்தப்பட்டுப் பிற தொழில்களுக்கும் விரிந்தது.

ஆனால் அதற்குள் தமிழர் பலர் தோட்டத்தைவிட்டு வெளியேறிவிட்டனர். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில் நைஜல் கார்டனர், மேரி, சுங்கை திங்கி, மிஞ்ஞாக் என்று நம் காதில் பழகிய தோட்டப் பெயர்கள் இன்று வீட்டுரிமை வழக்காகவும் வீடமைப்பு நிலமாகவும் பேசப்படுகின்றன. எஞ்சிய செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர். மலேரியாவும் அன்றுபோல் இல்லை. 2018 முதல் மனிதரிடையே உள்நாட்டில் பரவும் மலேரியா இந்நாட்டில் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் வகைதான் எஞ்சி நிற்கிறது.

மலேரியா போனாலும், ஆவடி முகாமின் வைத்தியர் போகவில்லை. 1997 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர் யாவரும் ஃபோமேமா என்னும் நிறுவனத்தின்வழி மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். குருதியும் சிறுநீரும் மார்புப் படமும் எடுப்பார்கள். தகுதி உண்டு, இல்லை என்ற முடிவு முதலாளிக்கும் குடிநுழைவுத் துறைக்கும் போகும். தகுதி இல்லையென்றால் அவன் நாடு திரும்ப வேண்டியதுதான். தொற்றுநோய் பரவாமல் காப்பது அரசின் கடமை, அதை மறுப்பாரில்லை. ஆனால் சயநோய் என்று கண்டறிந்த வைத்தியர், அந்த இளைஞனிடம் என்ன நோய், எங்கே மருந்து, ஊர் திரும்பினால் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குப் புரியும் மொழியில் சொல்கிறாரா? அவர் அந்த நேரத்தில் யாருடைய வைத்தியர்?

அண்மையில் கோலசிலாங்கூருக்கு அருகில் ஒரு தோட்டத்து மருந்தகத்துக்குப் போயிருந்தேன். பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் ஒரு மூலைதான் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது. மருத்துவ உதவியாளர் தமிழர், நடுவயதினர். மேசைக் கண்ணாடிக்கடியில், தம் கையால் எழுதிய தாள் ஒன்றை வைத்திருந்தார். காய்ச்சல், வலி, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் என்ற சொற்களுக்கு எதிரே வங்காளியும் நேப்பாளியும் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தன. கடைசி வரியில், இதற்குமுன் இந்த மருந்து உனக்கு ஒத்துக்கொண்டதா என்ற கேள்வி இருந்தது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே, வெட்டுப்பட்ட கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான். அவர் எழுந்து போனார்.